அரசு ஆஸ்பத்திரி சளிப் பரிசோதனை: ஐந்துக்கு நாலு நட்சத்திரம்

மாமனாரின் சளியில் நூல் போல ரத்தம். "ஈறுல இருந்து வருது மாப்ளே" என்று மழுப்பினார். வாய் கொப்பளித்த பிறகும் இருமினால் சிவப்பு. தெருமுனை கிளினிக்கில் இருமல் டானிக்கோடு சரி. அப்புறம்தான் அரசு ஆஸ்பத்திரி காசநோய்ப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன்.

பைசா வாங்கவில்லை. நர்ஸம்மா மூடி போட்ட டப்பாவைக் கொடுத்து, "எச்சில் வேண்டாங்கய்யா, நெஞ்சிலிருந்து காறித் துப்புங்க" என்று வெளியே காற்றோட்டமான இடத்துக்கு அனுப்பினார். சளியைச் சோதிக்கும் சிபிநாட் கருவிக்கு இரண்டு மணி நேரம் போதும். காசநோய்க் கிருமி இருக்கிறதா, அதற்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா, இரண்டையும் சொல்லிவிடும். கூட்டத்தால் எங்களுக்கு மறுநாள்தான் கிடைத்தது. ஒரு நட்சத்திரம் குறைத்தது அதற்கில்லை, முதியவர்கள் உட்கார ஒரு பெஞ்சுகூட இல்லாததற்கு.

காசநோய் இல்லை. ஆனால் டாக்டர் விடவில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, எடை குறைந்ததா, சாயங்காலம் காய்ச்சல் வருமா என்று துருவினார். மாமனாரின் பீடிக் கணக்கைக் கேட்டதும், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் சிடி ஸ்கேன் எழுதினார். கரண்டிக் கணக்கில் ரத்தம் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ ஓபி சீட்டுக்கு நிற்காமல் 108-ஐக் கூப்பிடச் சொன்னார். சிடிக்கு வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.