5500-க்கும் 5600-க்கும் நடுவே என்ன இருக்கிறது?

சித்தி பையன் போன வாரம் ஒரு கொட்டேஷனை போட்டோ எடுத்து அனுப்பினான். திருநெல்வேலியில் ஒரு கடையில் வாங்கியது. கேமிங் கம்ப்யூட்டர், கிராபிக்ஸ் கார்டு ஆர்எக்ஸ் 6600, மானிட்டர் 1080பி. அதுவரை பிரச்சினையில்லை. ப்ராசஸர் வரியில் மட்டும் முதலில் எழுதியிருந்த ரைசன் 5 5600-ஐ அடித்துவிட்டு, மேலே 5500 என்று எழுதியிருந்தார்கள். "ரெண்டும் ஆறு கோர்தான், கேமுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாதுன்னு கடைக்காரர் சொல்றாருண்ணா, காசும் மிச்சம்" என்றான். வாட்ஸ்அப்பில் நாலு வரியில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

குறைந்த செலவில் கேமிங் என்றால் பேச்சில் அடிபடுவது நான்கு பேர். இன்டெல் பக்கம் கோர் ஐ3-12100எஃப், கோர் ஐ5-12400எஃப். ஏஎம்டி பக்கம் ரைசன் 5 5500, ரைசன் 5 5600. முதல் இரண்டும் 2022 ஜனவரியில் வந்தவை, அடுத்த இரண்டும் அதே வருடம் ஏப்ரலில். பழசுதான், மறுக்கவில்லை. ஆனால் 2025 கடைசியில் ரேம் விலை எகிறிய பிறகு புதுத் தலைமுறை டிடிஆர்5 ரேமும் அதற்கேற்ற மதர்போர்டும் சேர்த்துப் புதிதாகக் கட்டுவது பலருக்குக் கையைக் கடிக்கிறது. வீட்டில் முந்தைய தலைமுறை டிடிஆர்4 ரேம் இரண்டு கிடந்தால் இந்த நால்வரில் ஒருவரைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. தம்பியிடமும் பழைய ரேம் இருக்கிறது.

சரி, 5500. பெயரைப் பார்த்தால் 5600-இன் கொஞ்சம் வேகம் குறைந்த தம்பி போலத்தான் தெரியும். இரண்டுக்கும் ஆறு கோர் (வேலை செய்யும் மூளைகள்), பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளும் வேலைகள்), இரண்டும் ஏஎம்டியின் ஜென் 3 வடிவமைப்பு, ஒன்று 4.2 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், மற்றது 4.4. இந்த 0.2-ஐ யாரும் கவனிக்கப் போவதில்லை, கடைக்காரர் சொன்னது அந்த அளவில் சரி. ஆனால் இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் இல்லை. 5500 என்பது 5600ஜி என்ற உள் கிராபிக்ஸ் உள்ள சில்லின் வம்சம், லேப்டாப்புக்காக வரைந்த வடிவம். அதில் கிராபிக்ஸ் பகுதியை அணைத்துவிட்டு 5500 என்று பெயர் வைத்தார்கள். லேப்டாப் சில் என்பதால் எல்3 கேஷ், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம், 16 எம்பிதான், 5600-இல் 32 எம்பி. ஆக, கார்டு இல்லாமல் திரையில் படமும் வராது, கேஷும் பாதி.

கேஷ் ஏன் முக்கியம்? கேம் என்பது சின்னச் சின்னத் தகவல்களை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கிற வேலை. எதிரி எங்கே நிற்கிறான், கதவு திறந்திருக்கிறதா, குண்டு எங்கே பட்டது. கேட்டது கேஷில் இருந்தால் உடனே கிடைக்கும், இல்லாவிட்டால் ரேம் வரை போய் வர வேண்டும், அதற்கு பல மடங்கு நேரம். சராசரி எஃப்பிஎஸ்ஸில் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற கணக்கு) இது சில சமயம் தெரியாமலும் போகும், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு தடுக்கல் வருமே, அங்கே தெரியும். அதிலும் வேலரண்ட், சிஎஸ்2 மாதிரி ப்ராசஸரையே நம்பி ஓடுகிற கேம்களில்.

இரண்டாவது குறை பிசிஐஇ, அதாவது ப்ராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் நடுவே தகவல் போகிற பாதை. 5500-இல் 3.0 மட்டும்தான், 5600-இல் 4.0. சும்மா ஸ்பெக் ஷீட் சண்டை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் விலை குறைந்த கார்டுகள்தான் இதில் அடிவாங்குகின்றன. ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600 எல்லாமே ஸ்லாட் முழு நீளத்துக்கு இருந்தாலும் அந்தப் பாதையில் பதினாறுக்கு எட்டு லேன்தான் பயன்படுத்துகின்றன. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியில் நாலே லேன், அதுவும் 4 ஜிபி நினைவகத்தோடு. அது நிரம்பிவிட்டால் கார்டு சிஸ்டம் ரேமிடம் கையேந்த வேண்டும், போகிற பாதை அந்த நாலு லேன், 5500-இல் அதன் வேகமும் பாதி. அந்தக் கார்டோடு 5500-ஐ யாராவது கட்டித் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடலாம். 6600 பரவாயில்லை, 8 ஜிபி இருப்பதால் இழப்பு பெரும்பாலும் சிறியது.

இன்னொரு பொறியும் உண்டு. ப்ராசஸரில் 4.0 இருந்தாலும் போர்டில் இருக்க வேண்டும். பி550-இல் உண்டு, ஏ520-இல் கிடையாது, பி450-இலும் கிடையாது. 5600-ஐ ஏ520-இல் போட்டால் பிசிஐஇ விஷயத்தில் அது 5500 ஆகிவிடும் (கேஷ் மட்டும் முழுதாக இருக்கும்).

இப்போது 12100எஃப். நாலு கோர், எட்டு த்ரெட், 12 எம்பி கேஷ். எண்களைப் பார்த்துக் கேலி செய்யலாம், ஆனால் ஒவ்வொரு கோரும் நல்ல பலம். வெறும் கேம் மட்டும் ஓடினால் பல இடங்களில் 5500-ஐ முந்துகிறது. பிரச்சினை, யாருமே வெறும் கேம் மட்டும் ஓட்டுவதில்லை. பின்னால் டிஸ்கார்டு, குரோமில் பத்து டேப், அப்புறம் கிளிப் எடுக்கிறேன் என்று ஓபிஎஸ் என்ற ரெக்கார்டிங் மென்பொருள். அதோடு சைபர்பங்க் 2077 மாதிரி கோர்களை எல்லாம் விழுங்குகிற கேம் வந்தால் கூட்டமான தெருவில் ஃப்ரேம் தடதடவென்று இறங்கும். வேலரண்ட், ஜிடிஏ 5, கொஞ்சம் கிரிக்கெட் கேம் என்று இருப்பவருக்கு இது போதும், மிச்சக் காசைக் கார்டில் போட்டால் உருப்படும். மூன்று நான்கு வருடம் தொடாமல் வைத்திருக்கப் போகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

12400எஃப்-ம் 5600-ம்? 6600 அளவு கார்டோடு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விளையாடினாலும், திறந்துகொண்டு விளையாடினாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 4.4 கிகாஹெர்ட்ஸ், இரண்டும் அப்படியே. ஆகவே இங்கே ப்ராசஸர் விலையைப் பார்க்காமல் போர்டோடு சேர்த்து என்ன ஆகிறது என்று கூட்டிப் பார்க்க வேண்டும். இன்டெல்லுக்கு எச்610 போர்டு மலிவு, ஆனால் ரேம் ஸ்லாட் இரண்டுதான். பின்னால் பெரிய ப்ராசஸர் போட நினைத்தால் அந்தச் சின்ன போர்டின் மின்சாரப் பகுதி தாங்காது. அதே சாக்கெட்டில் பெரியவை 13, 14-ஆம் தலைமுறைக்காரர்கள், அவற்றில் பலவற்றுக்கு வோல்டேஜ் கோளாறு வந்து 2024 செப்டம்பரில் இன்டெல் 0x12பி என்ற மைக்ரோகோடு திருத்தத்தை வெளியிட்டது, அது போர்டின் பயாஸ் வழியாக வருகிறது. பயாஸ் புதுப்பிக்காமல் அவற்றை ஏற்றவே கூடாது. 12-ஆம் தலைமுறைக்கு அந்தத் தொல்லை இல்லை. 5500, 5600 உட்காரும் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் மேலே ஏற 5700எக்ஸ்3டி ப்ராசஸர் என்ற அருமையான வழி இருந்தது, இப்போது புதிதாகக் கிடைப்பது குதிரைக்கொம்பு.

இன்டெல் பெயரின் கடைசியில் வரும் எஃப் என்றால் உள் கிராபிக்ஸ் கிடையாது என்று அர்த்தம். அதைப் பற்றி ஒரு சொந்தக் கதை. என்னிடம் இருப்பது 5600. ஒரு தடவை கார்டு படுத்துவிட்டது, வாரண்டிக்கு அனுப்பினேன், இந்த வாரம் அடுத்த வாரம் என்று ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தார்கள். அதுவரை கம்ப்யூட்டர் வெறும் மரப்பெட்டி மாதிரி இருந்தது, ஒரு பில் கட்டக்கூட வழியில்லை, ஏனென்றால் 5600-இலும் உள் கிராபிக்ஸ் கிடையாது. எஃப் இல்லாத 12400 என்றால் யுஎச்டி 730 இருக்கும், கேம் ஓடாது, திரை எரியும். கல்லூரி வேலைக்கும் இதே கம்ப்யூட்டர்தான் என்றால் அந்தக் கூடுதல் சில்லறையைக் கொடுத்துவிடலாம்.

ரேம் பற்றி ஒன்று, இதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண். கடைகளில் 16 ஜிபி என்றால் ஒற்றைக் குச்சியைச் செருகித் தருவார்கள். எட்டு எட்டாக இரண்டு வேண்டும், அப்போதுதான் தகவல் இரண்டு பாதையில் வரும். ஒற்றையில் ஓடுகிற 5600 தன் கேஷால் சம்பாதித்ததை அங்கேயே தொலைத்துவிடும்.

தம்பிக்குச் சொன்னது: 5500 வேண்டாம், 5600-ஐ பி550-இல் கேள், அது இல்லை என்றால் எஃப் இல்லாத 12400. பெட்டியோடு வருவதை வாங்கு, பெட்டியில்லாத ட்ரே சரக்கு வேண்டாம், கூலரும் வராது, வாரண்டிக்கு அந்தக் கடைக்காரரைத்தான் தேட வேண்டும். பில்லில் "ரைசன் 5" என்று மொட்டையாக எழுதினால் விடாதே, நாலு இலக்கமும் வேண்டும்.

நேற்று ராத்திரி போட்டோ வந்தது. 5600 வந்துவிட்டது, ரேம் இரண்டு குச்சி. போர்டு பெட்டியைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஏ520. "பி550 ஸ்டாக் இல்லைன்னாங்கண்ணா." 6600-தானே, 8 ஜிபி இருக்கிறது, இருக்கட்டும், மாட்டு என்றேன்.