ஸ்விட்சா, ஸ்டீம் டெக்கா? அரை மணி நேர ஆர்பிஜி ரசிகருக்கு ஓர் அலசல்

ஃபேன்டஸி ஆர்பிஜி, அதாவது ஒரு கதாபாத்திரமாகவே மாறி அதை வளர்த்துக்கொண்டு போகும் மாயக்கதை வீடியோ கேம் என்றால் எனக்கு உயிர். டிராகனும் மந்திரமும் பாழடைந்த கோட்டையும், கூடவே வர நாலு கூட்டாளிகளும் இருந்தால் போதும், ஊர் ஊராக அலையத் தயார். ஆனால் ஒரு நாளில் விளையாடக் கிடைப்பது அரை மணி நேரம், மிஞ்சினால் முக்கால் மணி நேரம். அதனால் கையடக்கக் கருவி ஒன்றை எடைபோடும்போது சிப்பின் வேகத்தை நான் முதலில் பார்ப்பதில்லை. விட்ட இடத்திலிருந்து உடனே தொடர முடிகிறதா, படுத்துக்கொண்டு பிடித்தாலும் கை வலிக்காமல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

நிண்டெண்டோ ஸ்விட்ச் 2017 மார்ச்சில் வந்தது. ஸ்டீம் என்ற ஆன்லைன் கம்ப்யூட்டர் கேம் கடையின் கேம்களை ஓட்டும் ஸ்டீம் டெக் 2022 பிப்ரவரியில். இரண்டுக்குமே பின்னால் ஓஎல்இடி திரை வைத்த மாடல்கள் வந்தன: ஸ்விட்சுக்கு 2021-இல் 7 அங்குலம், டெக்குக்கு 2023-இல் 7.4 அங்குலம். திரையளவில் பெரிய வித்தியாசம் இல்லை. எடையில்தான் இருக்கிறது. ஸ்விட்ச் ஓஎல்இடி பக்கங்களில் கழற்றி மாட்டும் ஜாய்-கான் கண்ட்ரோலர்களோடு சேர்த்தே சுமார் 420 கிராம். டெக் ஓஎல்இடி சுமார் 640 கிராம். தாளில் 220 கிராம் சின்ன எண்தான். படுக்கையில் மல்லாந்து படுத்து முகத்துக்கு மேலே பிடித்துப் பாருங்கள், பத்தாவது நிமிடத்தில் தெரிந்துவிடும். அதே சமயம் டெக்கின் பிடி அகலமானது, உள்ளங்கை நிறைய உட்காரும். நாற்காலியில் உட்கார்ந்து விளையாடுபவர்களுக்கு அதுதான் சுகம்.

சரி, கேமுக்கு வருவோம். இரண்டிலும் கிடைக்கும் ஒரே கேமை வைத்துப் பார்ப்பதுதான் நியாயம். முதலில் அரக்க வேட்டைக்காரன் ஒருவனின் கதையான விட்சர் 3. 2015-இல் பெரிய மெஷின்களுக்காக வந்த இந்த கேமை, இரண்டு பெரிய விரிவாக்கங்களோடும் சேர்த்து ஒரே 32 ஜிபி கார்டில் அடக்கி 2019 அக்டோபரில் ஸ்விட்சுக்குக் கொண்டுவந்தார்கள். வியக்க வேண்டிய வேலைதான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. கையில் பிடித்து விளையாடும்போது படத்தின் தெளிவு 540பி (மேலிருந்து கீழாக 540 புள்ளி வரிசை) அளவுக்கு இறங்குகிறது. கேமில் வரும் வேலன் என்ற சதுப்பு நிலத்தில் தூரத்து மரங்கள் கரைந்து தெரியும். நோவிகிராட் நகரச் சந்தைக்குள் நுழைந்தால் ஓட்டம் திணறும். டெக்கில் அதே வேலன் 800பி திரையில் கூர்மையாக நிற்கிறது. நொடிக்கு எத்தனை ஃபிரேம் (படம்), எவ்வளவு நிழல் என்பதை நாமே முடிவுசெய்து பேட்டரியை நீட்டிக்கொள்ளலாம். இந்த ஒரு கேமுக்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், டெக்தான். அப்புறம், இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்: ஸ்டீமில் உள்ள சேவ் ஃபைலை (விட்ட இடத்தைச் சேமித்த பதிவை) ஸ்விட்ச் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும் வசதி 2020-இல் வந்தது. வீட்டு கம்ப்யூட்டரில் தொடங்கிய கதையைப் பயணத்தில் தொடரலாம்.

அடுத்தது டிராகன் குவெஸ்ட் 11 எஸ். இங்கே கணக்கு தலைகீழாக மாறுகிறது. 2019 செப்டம்பரில் ஸ்விட்சில்தான் கூடுதல் அம்சங்கள் கொண்ட இந்த 'எஸ்' பதிப்பு முதலில் வந்தது; ஸ்டீமுக்கு வந்தது 2020 டிசம்பரில். பின்னால் வந்த பதிப்பும் ஸ்விட்சுக்காகச் செய்த வடிவத்தை அடிப்படையாகக் கொண்டதுதான் என்பதால், டெக்கின் கூடுதல் பலம் இங்கே பெரிதாகப் பயன்படுவதில்லை. விளிம்புகள் கொஞ்சம் கூர்மையாகும், அவ்வளவுதான். ஓவியர் அகிரா டோரியாமா வரைந்த அந்த உருண்டைக் கண் அரக்கர்கள் இரண்டு திரையிலும் ஒரே அழகு.

அரை மணி நேரக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஆர்பிஜியை நான் பார்த்ததில்லை. சண்டை மாறி மாறி, முறை வைத்து நடக்கிறது. நம் முறை வந்ததும் நாம் தேர்ந்தெடுக்கும்வரை எதிரி காத்திருப்பான். அடுப்பில் பால் பொங்கினால் போய் அணைத்துவிட்டு வரலாம். கூட்டாளிகளுக்கு ஒரு உத்தியைச் சொல்லிவிட்டால் சில்லறைச் சண்டைகளை அவர்களே முடித்துவிடுவார்கள். நிறைய நேரம் கிடைக்கும் நாளில் கூடாரம் போட்டு, உலையில் வாள் அடித்துக்கொண்டு உட்காரலாம். முழுக் கதையையும் பழைய 16-பிட் பாணி 2டி படமாக மாற்றி விளையாடும் வழியும் உண்டு. இதற்கெல்லாம் எடை குறைந்த ஸ்விட்சே போதும். என் கை தானாக அதைத்தான் எடுக்கும்.

ஒன்றில் மட்டும் கிடைக்கும் கேம்களைப் பார்த்தால் ஃபயர் எம்ப்ளம்: த்ரீ ஹவுசஸ் ஸ்விட்சுக்கு மட்டுமே உரியது. மடாலயப் பள்ளியில் ஆசிரியராகி, மூன்று அணிகளில் ஒன்றைத் தேர்ந்து வளர்க்கும் கதை. தவறான நகர்வு வைத்துவிட்டால் காலத்தைச் சில முறை பின்னோக்கி ஓட்டலாம். டெக் பக்கம் பால்டர்ஸ் கேட் 3 இருக்கிறது. இருபது முகப் பகடை உருட்டி, பேச்சாலேயே சண்டையைத் தவிர்க்கவும் வளர்க்கவும் முடிகிற அந்தச் சுதந்திரம் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. 2025-இல் இதை உருவாக்கிய லாரியன் நிறுவனம் டெக்குக்கென்றே தனி வடிவமும் கொடுத்தது. ஆனாலும் இது பேட்டரியை வேகமாகக் குடிக்கும், மூன்றாம் அங்கத்தில் நகரத்துக்குள் போனதும் தடுமாறும். சார்ஜரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கு வேறு. அறிமுக விலை ஸ்விட்ச் ஓஎல்இடிக்கு 350 டாலர், டெக் ஓஎல்இடிக்கு 549 டாலர். இந்தியாவில் வாங்குபவர்களுக்கு இரண்டும் பெரும்பாலும் இறக்குமதிக் கடைகள் வழியாகத்தான் வருகின்றன. வாரண்டி பற்றி முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கேம் வாங்கும்போது டெக் முந்துகிறது. ஸ்டீமில் ரூபாயிலேயே விலை, அடிக்கடி தள்ளுபடி. 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். நிண்டெண்டோ தன் சொந்த கேம்களின் விலையைக் குறைப்பது அபூர்வம். ஆனால் ஸ்விட்ச் கார்டை முடித்த பிறகு நண்பருக்குக் கொடுக்கலாம், விற்கலாம். அதை ஸ்டீமில் செய்ய முடியாது.

2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2, திரையை 7.9 அங்குலத்துக்கும் எடையை அரைக் கிலோவுக்கு மேலும் கொண்டுபோய்விட்டது. பழைய ஸ்விட்ச் கேம்களில் பெரும்பாலானவை அதில் ஓடும். இப்போது புதிதாக வாங்குபவர் அதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

ஏற்கெனவே ஸ்டீம் கணக்கில் கேம்கள் குவிந்திருந்தால் டெக் வாங்குங்கள். முதல்முறையாக இந்தப் பக்கம் வருபவர்களுக்கு நான் ஸ்விட்சைத்தான் சொல்வேன். எதை வாங்கினாலும் டிராகன் குவெஸ்ட் 11 எஸ்ஸின் இலவச டெமோவை முதலில் இறக்குங்கள். இரண்டிலும் வெளியானது அது. கதையின் நீளமான தொடக்கப் பகுதி முழுவதும் அதில் இருக்கிறது. பிடித்துப்போய் வாங்கினால் அந்தச் சேவ் ஃபைலையே முழு கேமுக்குள் கொண்டுபோய்த் தொடரலாம்.