உப்புக்காத்து ஊர்ல ஸ்ட்ராட்டுக்கு பிக்கப் மாத்துனது: சீமோர் டங்கன் கூல் ரெயில்ஸ்

தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம்னு நம்ம கடலோரத்துல எலக்ட்ரிக் கிட்டார் வச்சிருக்கிறவங்க பிக்கப் (கம்பி அதிர்றத கரண்ட்டா மாத்துற காந்தமும் காயிலும்) மாத்தலாம்னு யோசிச்சா இத ஒரு தடவ படிச்சிருங்க, ஏன்னா யூட்யூப்ல எல்லாரும் டோன் டோன்னுதான் பேசுறாங்க, உப்புக்காத்தையும் சீரியல் லைட்டையும் பத்தி யாரும் வாயத் திறக்கிறதில்ல. என் கிட்டார் மூணு சிங்கிள் காயில் பிக்கப் உள்ள ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) மாடல், அதுல பிரிட்ஜ் பிக்கப்ப, அதாவது கம்பி முடியிற பக்கம் இருக்கிறத, மட்டும் எடுத்துட்டு சீமோர் டங்கன் கம்பெனியோட கூல் ரெயில்ஸ் பிக்கப்ப போட்டேன். கோயில் (சர்ச்) கொயர்ல வாசிக்கிறவங்களுக்கு இத தாராளமா சொல்லுவேன், ஆனா வயரிங்ல ஒரு சிக்கல் இருக்கு, அதையும் கீழ எழுதியிருக்கேன்.

எனக்கு பிரச்சினை இரைச்சல்தான். திருவிழான்னா கொடியேத்துன நாள்லருந்து தேர் முடியிற வரைக்கும் கோயில் முழுக்க சீரியல் செட்டு, பக்கத்துலயே ஜெனரேட்டர், மைக் செட்காரரோட ஆம்ப்ளிஃபயர் நம்ம காலடியிலயே இருக்கும். சிங்கிள் காயில்ங்கறது காந்தத்த சுத்தி ஆயிரக்கணக்குல சுத்துன செம்புக்கம்பி, அது கிட்டார் கம்பி அதிர்றத மட்டும் புடிக்காது, சுத்தியிருக்கிற 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டையும் சேர்த்தே புடிக்கும். பூசைல சாமியார் அப்பத்த உயர்த்திக் காட்டுற எழுந்தேற்றத்தப்ப கோயிலே அமைதியா இருக்கும்போது ஸ்பீக்கர்ல ஊம்ம்னு ஒரு சத்தம் ஓடிக்கிட்டே இருந்தா வாசிக்கிற நமக்கே மனசு கேக்காது.

காசு போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு செஞ்சு பாருங்க. கிட்டார மாட்டிக்கிட்டு வாசிக்காம நின்ன இடத்துலயே மெதுவா திரும்புங்க. ஒரு பக்கம் திரும்புனா இரைச்சல் ஏறுது, இன்னொரு பக்கம் திரும்புனா குறையுதுன்னா அது காயில் புடிக்கிற இரைச்சல், உள்ள செம்பு ஃபாயில் எவ்வளவு ஒட்டுனாலும் அது போகாது, ஃபாயில் கொறகொறன்னு வர்ற சத்தத்துக்குத்தான் ஆகும். திரும்பியும் மாறாம ஒரே மாதிரி இருந்தா எர்த்த சந்தேகப்படணும்.

ராம்நாட்ல ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பாக்குற கீழக்கரை காக்கா (அண்ணன்) ஒருத்தர்தான் எனக்கு ஈயம் வச்சு பத்த வச்சுக் குடுத்தார். பிக்கார்ட (பிக்கப் மாட்டியிருக்கிற முகப்புத் தகட) கழட்டி கவுத்துனா ஸ்க்ரூ தலையெல்லாம் செம்பட்டையா துரு, வால்யூம் பாட் (நாப்புக்கு கீழ இருக்கிற கன்ட்ரோல்) முதுகுல எர்த் வயர் நுனி பச்சை பூத்து ஒரு இழைல தொங்குது. "மொதல்ல எர்த்த சரி பண்ணுவம் தம்பி, பொறவு புதுசு போடுவம்"னு சொல்லி, பாட் முதுக உப்புத்தாள் போட்டு தேச்சு, ஃப்ளக்ஸ் தடவி ஈயம் வச்சார். கொறகொறப்பு அப்பவே பாதி போச்சு, ஊம் சத்தம் மட்டும் அப்படியே நின்னுச்சு. அதுக்குத்தான் ரெண்டு காயில் உள்ள ஹம்பக்கர் பிக்கப்.

1955ல கிப்சன் கம்பெனில சேத் லவர்ங்கற இன்ஜினியர் கொண்டுவந்த யோசனை இது. ரெண்டு காயில், சுத்தும் எதிரெதிர் காந்தமும் எதிரெதிர், அப்ப வெளியிலருந்து வர்ற இரைச்சல் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும், கம்பிச் சத்தம் மட்டும் சேர்ந்து வரும். கூல் ரெயில்ஸ்ல அந்த ரெண்டு காயிலையும் சிங்கிள் காயில் அளவுக்குள்ளயே அடக்கியிருக்காங்க, அதனால மரத்த நோண்ட வேண்டாம், பிக்கார்ட வெட்ட வேண்டாம். கம்பிக்கு ஒரு குமிழ்னு இல்லாம நீளமா ரெண்டு இரும்புத் தகடு வர்றதால, குமிழ் கம்பிக்கு நேரா வருதான்னு ஸ்பேசிங் அளக்குற தலைவலியும் கிடையாது, கம்பிய பக்கவாட்டுல இழுத்து பெண்ட் பண்ணும்போது சத்தம் இறங்குறதும் கிடையாது.

துரு பத்தி சொல்லியே ஆகணும். பழைய முறைல செய்யிற ஸ்ட்ராட் பிக்கப்ல அல்னிகோ காந்தக் குச்சி மேலயே கம்பிய சுத்துவாங்க, நடுவுல லேக்கர் பூச்சு மட்டும்தான். நம்ம ஊர்க் காத்துக்கும் வேர்வைக்கும் குச்சி துருப்புடிச்சு, தலைமுடிய விட மெல்லிசான அந்த கம்பிய அரிச்சிரும், ஒரு நாள் சத்தம் திடீர்னு கரைஞ்சு போகும். ரெயில்ஸ் தகடும் இரும்புதான், துருவே புடிக்காதுன்னு சொல்லமாட்டேன், வாசிச்சு முடிச்சதும் காஞ்ச துணியால தொடச்சிட்டு பைக்குள்ள சிலிக்கா ஜெல் போட்டு வைங்க.

வாங்கும்போது பெட்டி மேல நம்பர பாருங்க. எஸ்சிஆர்-1பி பிரிட்ஜுக்கு, எஸ்சிஆர்-1என் நெக்குக்கு (கிட்டார் கழுத்துப் பக்கம்). நான் பிரிட்ஜ் கேட்டு ஆன்லைன்ல ஒரு கடைல ஆர்டர் போட்டேன், நெக் பீஸ் வந்துச்சு, திருப்பி அனுப்பி மாத்தி வாங்குறதுக்குள்ள திருவிழாவே முடிஞ்சிருச்சு. விலையும் கம்மி இல்ல, என் கிட்டார் விலைல பாதிக்கு மேல.

வயர் கலர்ல கவனம் வேணும். டங்கன்ல கருப்புதான் ஹாட் (சிக்னல் போற வயர்), வெள்ளையும் செவப்பும் ஒண்ணா முறுக்கி டேப் சுத்திரணும், பச்சையும் வெறும் கம்பியும் எர்த். டிமார்சியோங்கற இன்னொரு கம்பெனி பிக்கப்ல செவப்புதான் ஹாட், கருப்பும் வெள்ளையும் சேரும், அதோட படத்தப் பாத்துட்டு டங்கன பத்த வச்சா சத்தமே சரியா வராது.

இப்ப அந்த சிக்கல். ஸ்ட்ராட்ல நடு பிக்கப் எதிர்ச்சுத்தா இருந்தா சுவிட்சோட 2ஆவது (பிரிட்ஜும் நடுவும்), 4ஆவது (நடுவும் நெக்கும்) பொசிஷன்ல இரைச்சல் தானாவே அடங்கியிருக்கும். பிரிட்ஜ்ல ஹம்பக்கர் போட்டதும் 2ஆவது பொசிஷன்ல நடு காயில் தனியா இரைய ஆரம்பிச்சிரும், அதுக்கு ஜோடி இல்லாம போயிருதுல்ல. டோன் நாப்ப, இழுத்தா சுவிட்சா வேல செய்யிற புஷ் புல் பாட்டா மாத்தி ஹம்பக்கர்ல ஒரு காயில கட் பண்ணித்தான் சரி பண்ணுனோம், அதுலயும் எந்த காயில மிச்சம் வைக்கிறோங்கறது முக்கியம், ஒண்ணு வச்சா இரைச்சல் ஏறும், இன்னொண்ணு வச்சா அடங்கும். சேர்த்து வாசிக்கும்போது சத்தம் ஒல்லியா மூக்கடைச்ச மாதிரி வந்தா கருப்பையும் பச்சையையும் இடம் மாத்துங்க, வெறும் கம்பி மட்டும் எர்த்துலயே இருக்கணும். காக்கா இதெல்லாம் பொறுமையா மாத்தி மாத்தி வச்சுப் பாத்தார், சொன்ன கூலிக்கு மேல ஒரு ரூபா கேக்கல.

சத்தம் எப்படின்னா, பழைய பிரிட்ஜ்ல இருந்த காத குத்துற கீச்சு போயிருச்சு. நான் 250கே (கிலோ ஓம்) பாட்டையே வச்சுக்கிட்டேன், ஹம்பக்கருக்கு வழக்கமா 500கே போடுவாங்க, ஆனா மிச்ச ரெண்டும் சிங்கிள் காயில்ங்கறதால 500 போட்டா அது ரெண்டும் கூர்மையாயிரும். 250லயே ஆர்கன் சத்தத்துக்கு நடுவுல கிட்டார் குளுமையா உக்காருது, லேசா டிரைவ் (கரகரப்பு) ஏத்தி ரெண்டு வரி லீட் (தனி மெட்டு) எடுத்தாலும் கலங்காம கேக்குது. ஹைட்டு முக்கியம், கடைசி ஃபிரெட்ட அமுக்கிட்டு கம்பிக்கும் தகட்டுக்கும் நடுவுல ரெண்டு ரெண்டரை மில்லிமீட்டர்ல ஆரம்பிச்சு காதுக்குப் புடிச்ச இடத்துல நிறுத்துங்க.

நெக்குக்கும் ரெயில்ஸ் போடலாமான்னு கொயர்ல தம்பிங்க கேக்குறாங்க, நான் வேண்டாம்னுதான் சொல்றேன், நெக் சிங்கிள் காயில்ல கிளீனா கார்டு பிரிச்சு வாசிக்கிறப்ப வர்ற அந்த மணிச்சத்தம் ரெயில்ஸ்ல வராது, இரைச்சல் தொந்தரவுன்னா 4ஆவது பொசிஷன்ல வாசிச்சுக்கங்க.