18,500 ரூபாய்க்கு நான்கு வரி டிரை-கேட்ச்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் சோம்பல் வந்துவிடும், அந்த ஆளும் அடுத்தவரைப் பிடித்துவிடுவான். போன வாரம் ஒரு ஃப்ரீலான்ஸ் புரோகிராமரிடம் 18,500 ரூபாய் ஏமாந்தேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

கோவையில் தனியாக ஜாவா வேலைகள் எடுத்துச் செய்கிறேன். திருப்பூரில் பட்டன், ஜிப் விற்கும் ஒரு குடோனின் பழைய சோப் வெப் சர்வீஸ் (புரோகிராம்கள் எக்ஸ்எம்எல்லில் பேசிக்கொள்ளும் வழி) என் பொறுப்பில் வந்தது. ஜாவா 8, சோப் வேலையைப் பார்த்துக்கொள்ள ஜேக்ஸ்-டபிள்யூஎஸ். பனியன் கம்பெனிகளின் புரோகிராம்கள் அதைக் கூப்பிட்டு ஆர்டர் போடும். சரக்கு இல்லையென்றால் எந்த ஜிப், எத்தனை குறைகிறது என்ற விவரத்தோடு ‘ஸ்டாக் எக்செப்ஷன்’ என்று நாமே எழுதிய எக்செப்ஷன், அதாவது பிழைச் செய்தி, போக வேண்டும். போய்க்கொண்டுதான் இருந்தது. திடீரென்று வெறும் சோப்ஃபால்ட்எக்செப்ஷன் என்ற பொதுவான பிழை மட்டும் போக ஆரம்பித்தது. டீடெயில் பகுதியில் நம் விவரம் எதுவுமே இல்லை. கம்பெனிகளின் புரோகிராமில் நம் எக்செப்ஷனைப் பிடிக்க வைத்த ‘கேட்ச்’ பகுதி அதைப் பிடிக்கவில்லை, புரோகிராம் பாதியில் நின்றது. நான்கு இரவு உட்கார்ந்தும் எனக்குப் பிடிபடவில்லை.

சரி, தெரிந்தவரிடம் கொடுப்போம் என்று ஃப்ரீலான்ஸ் ஆட்களைப் பிடித்துத் தரும் ஒரு தளத்துக்குப் போனேன். ஐந்து நட்சத்திரத்தோடு ஒருவர், தமிழ் பேசுகிறவர். ஸ்கிரீனைப் பகிர்ந்ததும் மனிதர் பொழிந்து தள்ளினார். “ஜாவா 11-ல ஜேக்ஸ்-டபிள்யூஎஸ்ஸையே ஜேடிகேல இருந்து தூக்கிட்டாங்க ப்ரோ. சோப் 1.1-ல ஃபால்ட்கோட், ஃபால்ட்ஸ்ட்ரிங்; 1.2-ல கோட், ரீசன். இதெல்லாம் கலந்தா இப்படித்தான் வரும்.” சொன்னது அத்தனையும் உண்மை. அதுதான் வயிற்றெரிச்சல். எங்களுடையது ஜாவா 8, எல்லாப் பக்கமும் சோப் 1.1 பதிப்பு. அவன் சொன்ன எதற்கும் என் பிரச்சினைக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் நாம் அறிந்த உண்மையை இன்னொருவன் வாயால் கேட்டால் தலை தானாக ஆடுகிறது. பின்னால் ஒரு குழந்தை அழுதது. “பாப்பாவுக்குக் காய்ச்சல் ப்ரோ, இருந்தாலும் நைட்டுக்குள்ள முடிச்சுத் தர்றேன்” என்றான். அந்த இடத்தில்தான் விழுந்தேன். தளத்தின் வழியாகக் கட்டினால் கமிஷன் பிடிப்பார்கள் என்று சொன்னான். 18,500 ரூபாயையும் மொத்தமாக அவன் யுபிஐக்கு அனுப்பினேன். பாப்பாவுக்கு முதலில் மருந்து வாங்குங்கள் என்று மெசேஜ் வேறு போட்டேன்!

மறுநாள் சர்வரில் ஏற்றும் வார் ஃபைல் வந்தது. சோர்ஸை, அதாவது எழுதிய மூல கோடை, அப்புறம் கமிட் பண்ணுவதாகச் சொன்னான். சோப்யூஐ என்ற சோதனைக் கருவியில், இல்லாத சரக்குக்கு ஆர்டர் போட்டுக் காட்டினான். முன்பு எர்ரர் என்று 500 வந்த இடத்தில், சரி என்று 200 வந்தது. எர்ரர் போச்சு என்று நானும் சந்தோஷமாக சர்வரில் ஏற்றினேன். அந்தப் பதிலுக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கத் தோன்றவில்லை. என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை குடோன் முதலாளி கூப்பிட்டார். “தம்பி, இல்லாத ஜிப்புக்கு ஆர்டர் ஏறியிருக்கே?” 37 ஆர்டர். கிளாஸ் ஃபைலை டீகம்பைல் செய்து, திரும்பக் கோடாக்கிப் பார்த்தேன். மொத்த மெத்தடையும் டிரைக்குள் போட்டு, எக்செப்ஷன் எது வந்தாலும் கேட்சில் பிடித்து, காலிப் பதில் ஒன்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறான். நான்கு வரி. அதற்கு 18,500 ரூபாய்.

போன் போட்டேன். “டிரைவிங்ல இருக்கேன் ப்ரோ.” மாலையில், “ஊருக்கு வந்திருக்கேன், நெட் இல்ல.” மறுநாள், “நீங்க கேட்டது எர்ரர் வரக்கூடாதுன்னுதானே?” அதற்கப்புறம் பிளாக். தளத்தில் புகார் கொடுத்தால் முதலில் ஏதோ தானியங்கிப் பதில். பிறகு, ‘உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்’. மூன்றாவதாக, வெளியே கட்டிய பணத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல, புகார் முடிக்கப்பட்டது. வங்கியிலோ நீங்களே பின் போட்டு அனுப்பியதுதானே என்கிறார்கள்.

நேற்று இரவு நானே சரிசெய்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் ஸ்டாக் எக்செப்ஷனை, மெத்தடில் அறிவிக்கத் தேவையில்லாத ரன்டைம்எக்செப்ஷன் வகையிலிருந்து வரும்படி மாற்றியிருந்தார். மெத்தடில் இந்த எக்செப்ஷன் வரலாம் என்று அறிவிக்கும் ‘திராஸ்’ எழுதச் சோம்பல்பட்டிருப்பார். ஜேக்ஸ்-டபிள்யூஎஸ் அந்த வகையையெல்லாம் சர்வீஸின் விவரக்குறிப்பான டபிள்யூஎஸ்டிஎல்லில் ஃபால்ட்டாக (பிழையாக) அறிவிக்காது, பொதுவான ஃபால்ட்டாகத்தான் அனுப்பும். திரும்ப எக்செப்ஷனிலிருந்தே வரும்படி மாற்றி, திராஸ் சேர்த்து, நம் விவரம் டீடெயிலில் போவதற்கான வெப்ஃபால்ட் அன்னோட்டேஷனும் கெட்ஃபால்ட்இன்ஃபோ மெத்தடும் எழுதினேன். அப்போதும் கம்பெனி பக்கத்தில் பிடிக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, எக்ஸ்எம்எல் பெயர்களைப் பிரித்துக் காட்ட நான் எழுதிய நேம்ஸ்பேஸ் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு விட்டுப்போயிருக்கிறது. கம்பெனி பக்கத்தில் சர்வீஸைக் கூப்பிடும் பழைய ஸ்டப் கோட், டீடெயிலுக்குள் இருக்கும் எலிமெண்டின் பெயரையும் நேம்ஸ்பேஸையும் ஒப்பிட்டுத்தான் நம் எக்செப்ஷன் என்று அடையாளம் காணும். சாய்கோடு போட்டதும் எல்லாம் பழையபடி வந்தது. இந்தக் கோளாறைத் தேடத்தான் 18,500 ரூபாய் கொடுத்தேன், அதையும் நானே தேடினேன்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது நேரமில்லை. தளத்துக்கு வெளியே பணம் கட்டாதீர்கள். சோர்ஸ் கையில் வராமல் காசு கொடுக்காதீர்கள். 200 வந்தால் உள்ளே இருக்கும் எக்ஸ்எம்எல்லைத் திறந்து பாருங்கள். 37 ஆர்டரில் இன்னும் 11 கம்பெனிகளுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும், முதலாளி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.