பொம்மை முகத்துப் பெயிண்டை அழிக்க அசிட்டோன்: சில வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

பொம்மைகளுக்குப் புது முகம் வரைவதற்கு முன் கம்பெனி பெயிண்டை அழிக்க, நான் இன்றுவரை நம்புவது பெயிண்டைக் கரைக்கும் திரவமான சுத்தமான அசிட்டோனைத்தான். அதுவும் வினைல் தலைக்கு மட்டும். பார்பி, மான்ஸ்டர் ஹை வகைகளின் அமுக்கினால் நெளியும் தலை வினைல்; தாங்கிக்கொள்ளும். கெட்டியான உடம்பு பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். ஒரு சொட்டு பட்டாலே இளகிவிடும். ப்ளைத் பொம்மைக்கு முகமே ஏபிஎஸ் என்பதால் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். பதித்த அக்ரிலிக் கண்களும் மங்கிவிடும். ரெசின் பொம்மை என்றால் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நெயில் பாலிஷ் ரிமூவர் எனக்குப் பிடிக்கவில்லை. அதில் சேர்க்கும் எண்ணெய் வினைல்மேல் தங்கி, பிறகு அடிக்கும் சீலரை (பெயிண்டைப் பிடித்துவைக்கும் பூச்சு) ஒட்டவிடாது.

தலைமுடியை கிளிங் ஃபிலிமால் இறுகச் சுற்றிவிட்டு, பஞ்சுக்குச்சியை லேசாக நனைத்து உருட்ட வேண்டும், தேய்க்கக் கூடாது. தேய்த்தால் கரைந்த பெயிண்ட் பக்கத்து வினைலில் ஏறிக்கொள்ளும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வந்து, நிறம் ஏறிய குச்சியை உடனே தூக்கிப் போடுங்கள். குச்சியில் கஞ்சத்தனம் பார்த்தால் முகம் முழுக்க சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். சிவப்பு உதடும் கறுப்பு இமைக்கோடும்தான் பெரிய தொல்லை. அவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்வேன். அவசரப்பட்டு தலையை அசிட்டோனில் ஊறப்போடாதீர்கள். வினைலை நெகிழ்வாக வைத்திருக்கும் பொருளே வெளியேறிவிடும். முடிந்ததும் பாத்திர சோப்பால் கழுவி நன்றாக உலரவிட்டால் சரி.

அப்படியும் போகாத கறைக்கு, முகப்பருவுக்குப் போடும் 10% பென்சாயில் பெராக்சைடு க்ரீம் தடவி வெயிலில் வைக்கலாம். மெதுவாக வெளுக்கும். ஆனால் வினைலின் சொந்த நிறத்தையும் வெளுக்கக்கூடியது, அதனால் அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டும். கரும்பழுப்பு முகங்களுக்கு நான் அதைத் தொடுவதே இல்லை.

அசிட்டோன் ஆவி அறை வெப்பத்திலேயே சிறு பொறி பட்டால் தீப்பிடிக்கும், காற்றைவிடக் கனமானதால் தரையோடு படரும். ஜன்னலைத் திறந்து, அடுப்பு, மெழுகுவத்தி எதுவும் இல்லாத இடத்தில் உட்காருங்கள். நீல நிற நைட்ரைல் கையுறை இதற்குத் தாக்குப்பிடிக்காது, பியூட்டைல் ரப்பர் தான் சரி. ஊற்றிவைக்கக் கண்ணாடிக் கிண்ணம். தெர்மாகோல் கப் கரைந்தே போகும்.

ஆரம்பத்தில் அழித்த தலைகள் இன்னும் பிசுபிசுக்கவில்லை, வெடிக்கவும் இல்லை. மேலே வரைந்த முகமும் உரியவில்லை. ஒரு வெளிர் முகத்தில் மட்டும் பழைய உதட்டுச் சிவப்பு மெல்லிய ரோஜா நிழலாக நிற்கிறது. அதன்மேலேயே புது உதட்டை வரைந்துவிட்டேன்.