ஐஸ் பிடிக்கும் பிரிஜ்ஜா, பிடிக்காததா?

வன்னியில் பிரிஜ் வாங்குபவர் விலையோடு, பழுதானால் யார் திருத்துவார் என்பதையும் யோசிக்க வேண்டும். என் ஓட்டு ஐஸ் பிடிக்கும், அதாவது பிறீசரில் ஐஸ் படியும், ஒற்றைக் கதவுப் பிரிஜ்ஜுக்கே.

அதில் பழுதாகச் சாமான் குறைவு. ஐஸ் கால் அங்குலம் தடித்தால் நிறுத்திவிட்டுக் கரைய விடுங்கள். கத்தியால் சுரண்டவே வேண்டாம். பிறீசர் தகட்டோடுதான் குளிரூட்டும் வாயுக் குழாய் ஓடுகிறது, ஒரு குத்து விழுந்தால் வாயு முழுக்கப் போய்விடும். அடிக்கடி ஐஸ் கட்டினால் கதவு றப்பரைப் பாருங்கள். ஒரு தாளை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். தாள் சும்மா வழுகி வந்தால் றப்பர் தளர்ந்துவிட்டது.

ஐஸ் பிடிக்காத வகை சொகுசுதான், சரி. ஆனால் உள்ளே விசிறி, ஐஸைக் கரைக்கும் ஹீட்டர் எல்லாம் உண்டு. மேலே பிறீசர் குளிர்ந்தும் கீழே மீன்குழம்பு பழுதானால், ஹீட்டர் வேலை செய்யாமல் காற்றுவழியை ஐஸ் அடைத்திருக்கலாம், விசிறி நின்றிருக்கலாம். ஒட்டுசுட்டான் பக்கம் இருப்பவர் அந்தச் சாமானுக்குக் கிளிநொச்சியோ வவுனியாவோ போக நேரும்.

கரண்ட் போய் வந்தால் எதுவானாலும் 5 நிமிடம் பொறுத்துப் போடுங்கள். உடனே போட்டால் கொம்பிரசர் திணறும்.