பேஸ்மட்டம் நிரப்ப கிராவல்: டிப்பரா, டிராக்டரா?

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊர் எங்களுடையது. போன ஆவணியில் புது வீட்டின் பேஸ்மட்டச் சுவர் (நிலத்துக்கும் வீட்டுத் தரைக்கும் இடைப்பட்ட அடிச்சுவர்) எழும்பி நின்றபோது செங்கல், கம்பி, சிமெண்ட் எதிலும் எனக்குக் குழப்பம் இல்லை. யோசிக்க வைத்தது மண்தான். உள்ளே கொட்டும் கிராவலை (சிறுகல் கலந்த செம்மண்) ஆறு சக்கர டிப்பரில் இறக்குவதா, டிராக்டரில் நடை நடையாக அடிப்பதா? நான் டிராக்டரில் அடித்தேன். இன்னொரு வீடு கட்டினாலும் அப்படித்தான் செய்வேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். டிப்பரில் யூனிட் (100 கன அடி) விலை குறைவு, வேலை சீக்கிரம் முடியும். டிராக்டர் குறுகலான தெருவுக்குள் வரும், சுவர் ஓரம் வரை பின்வாங்கிக் கொட்டும். எங்களிடம் சொன்ன விலையில் டிராக்டர் கிராவல் யூனிட்டுக்கு 400 ரூபாய் அதிகம். ஆனால் டிப்பர் தெருமுனையில் கொட்டினால் உள்ளே தள்ள ஜேசிபிக்கு மணிக்கணக்கில் வாடகை தர வேண்டும். அதையும் சேர்த்தால் வித்தியாசம் பாதியாகிவிடும்.

எத்தனை யூனிட் வேண்டும்? இந்தக் கணக்கை வீட்டுக்காரரே போட வேண்டும், மேஸ்திரியிடம் விட்டுவிடக் கூடாது. எங்கள் வீட்டில் சுவர்கள் போக உள்பரப்பு 660 சதுர அடி. மேலே தரைக் காங்கிரீட்டுக்கு இடம் விட்டால் நிரப்ப வேண்டிய உயரம் இரண்டரை அடி. பெருக்கினால் 1,650 கன அடி, அதாவது பதினாறரை யூனிட். ஆனால் வண்டியில் வருவது உதிரி மண். தண்ணீர் விட்டுத் திமிசு (மண்ணை இடித்து இறுக்கும் கருவி) போட்டால் நன்றாக இறங்கும். அதனால் கால் பங்கு கூட்டி ஏறக்குறைய 21 யூனிட் என்று வைத்தேன்.

டிராக்டர் டிரெய்லரை டேப் வைத்து அளந்தேன். நீளம் 10 அடி, அகலம் 6 அடி, பலகை உயரம் ஒன்றரை அடி. சமமாகத் தட்டினால் 90 கன அடி. ஒரு நடை ஒரு யூனிட் என்பது பேச்சுவழக்குதான், குவித்து ஏற்றினால்தான் 100 வரும். எனக்கு 23 நடை தேவைப்பட்டது. டிப்பர் என்றால் எட்டு நடையில் முடிந்திருக்கும். ஆறு சக்கர டிப்பரை ‘மூணு யூனிட் வண்டி’ என்பார்கள். 2018-ல் அச்சு எடையை உயர்த்திய பிறகு இது போன்ற இரண்டு அச்சு லாரிக்கு வண்டியும் சரக்கும் சேர்த்து அனுமதி 18.5 டன். வண்டியின் சொந்த எடையைக் கழித்துப் பாருங்கள். ஒரு யூனிட் கிராவல் 4 டன்னுக்கு மேல் இருக்கும். முறையாக ஏற்றினால் மூன்று யூனிட்டை அது முழுதாகத் தொடாது. ஆகவே வண்டியின் பேரைக் கேட்டுப் பணம் தராமல், பெட்டியை அளந்து பணம் கொடுங்கள்.

இன்னொன்று. குவாரியில் பெட்டி நிறைய ஏற்றிய மண் மேடு பள்ளத்தில் குலுங்கி வீட்டுக்கு வரும்போது இரண்டு மூன்று அங்குலம் இறங்கியிருக்கும். அதை வைத்து டிரைவரிடம் சண்டை போட வேண்டாம். மண் எங்கும் போகவில்லை, நெருங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, விலையும் அளவும் டிப்பருக்குச் சாதகமாகவோ கிட்டத்தட்ட சமமாகவோ இருக்கும்போது டிராக்டர் எதற்கு?

ஐந்து வருடம் முன்பு பழைய வீட்டின் பின்கட்டில் ஒரு சமையலறை சேர்த்தோம். மண் டிப்பரில் வந்தது. காலையில் இரண்டு லோடு, மதியத்துக்குள் நிரப்பியாகிவிட்டது. மேலே தண்ணீர் பாய்ச்சினார்கள், மறுநாள் காங்கிரீட், அந்த வாரமே டைல்ஸ். அடுத்த ஐப்பசி மழை முடிந்ததும் அடுப்பு மேடைக்குக் கீழே சுவரும் தரையும் சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. டைல்ஸைத் தட்டினால் நடுவில் ‘டொக் டொக்’ என்று வெறும் சத்தம். அம்மா ஒவ்வொரு கல்லாகத் தட்டிக் காட்டினார். பதினொரு கல் அப்படி இருந்தது. அதைப் பெயர்த்துத் திரும்பப் போட்ட செலவில் இன்னும் இரண்டு லோடு மண் வாங்கியிருக்கலாம்.

அந்த மண்ணில் குறையில்லை. நல்ல செம்மண் கிராவல்தான். எல்லாம் ஒரே நாளில் வந்து விழுந்ததுதான் தப்பாகப் போயிற்று. கண்முன்னே மலை போல் குவிந்து கிடந்தால் யாருக்கும் உடனே அள்ளி உள்ளே போடத்தான் தோன்றும். தெருவை அடைத்துக்கொண்டு கிடக்கும், பக்கத்து வீட்டுக்காரர் வண்டி எடுக்க முடியாமல் நிற்பார், ஜேசிபிக்கு மணி ஓடிக்கொண்டிருக்கும். இரண்டரை அடி உயரத்தையும் ஒரே மூச்சில் நிரப்பி மேலே தண்ணீர் விட்டால் ஈரம் கொஞ்ச தூரம்தான் இறங்கும். திமிசு அடியும் மேலே உள்ள அரை அடியைத்தான் இறுக்கும். கீழே உள்ள மண் உதிரியாகவே கிடந்து, மழைத் தண்ணீர் கசிந்து போகும்போது தானாக உட்காரும். அதோடு சேர்ந்து தரையும் உட்காரும்.

நிரப்பும் மண்ணை அரை அடியிலிருந்து முக்கால் அடி வரையான அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் விட்டு இடிக்க வேண்டும் என்பது எல்லாப் பொறியாளரும் சொல்வதுதான். நடைமுறையில் அதைச் செய்யவிடாமல் தடுப்பது மண் வரும் வேகம். டிராக்டர்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: “காலைல ரெண்டு நடை, சாயங்காலம் ரெண்டு நடை. போதுமா தம்பி?” போதும். நான்கு நடை 360 கன அடி. 660 சதுர அடியில் பரப்பினால் அரை அடிக்குச் சற்று அதிகம். ஒரு நாள் வரவு சரியாக ஓர் அடுக்கு. மாலையில் பரப்பித் தண்ணீர் விடுவோம், இரவு முழுக்க ஊறும், காலையில் திமிசு. அடுத்த நடை வரும்போது கால் வைத்தால் புதையாது. ஆறு நாளில் முடிந்தது. ஒவ்வொரு நடைக்கும் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டு வைத்தேன். கடைசியில் பணம் கொடுக்கும்போது எண்ணிக்கையில் பேச்சே வரவில்லை.

அப்புறமும் உடனே தளம் போடவில்லை. சுவர் வேலை நடந்தது, ஐப்பசி, கார்த்திகை மழை உள்ளேயே பெய்து ஊறியது. தை பிறந்ததும் நூல் கட்டிப் பார்த்தால் நடு அறையில் ஓர் அங்குலம்தான் இறங்கியிருந்தது. அதற்கு ஒரு நடை அடித்துச் சமன் செய்து காங்கிரீட் போட்டோம்.

டிப்பரில் வாங்கியும் இதையே செய்யலாமே என்றால், செய்யலாம். குவித்து வைக்க மனையில் இடம் இருந்து, நாளுக்கு இவ்வளவுதான் என்று கண்டிப்பாக நின்று வேலை வாங்கினால் தரை ஒன்றும் ஆகாது. நான் பார்த்த இடங்களில் அப்படி நின்றவர் குறைவு. மனை முழுவதையும் சாலை மட்டத்துக்கு மேடாக்க ஐம்பது, நூறு யூனிட் தேவைப்படுகிறவர்களுக்கு டிராக்டர் கட்டுப்படியாகாது என்றே நினைக்கிறேன். அந்த அளவு வேலை நான் செய்ததில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

டிராக்டரில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. ராத்திரியில் ஏதோ ஓர் ஏரியிலோ ஓடைக்கரையிலோ வெட்டிக்கொண்டு வந்து விலை குறைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நடைச்சீட்டு (மண்ணைக் கொண்டுபோக அரசு தரும் அனுமதிச் சீட்டு) இல்லாத மண்ணோடு வண்டி பிடிபட்டால் உங்கள் முன்பணமும் அதோடு நிற்கும். ஏரிக்கரையைச் சுரண்டி எடுத்த மண்ணில் வீடு கட்டுவதும் நமக்கு நல்லதில்லை, அந்தத் தண்ணீரில்தான் ஊரே பயிர் வைக்கிறது. அனுமதி பெற்ற குவாரியிலிருந்து சீட்டோடு வருமா என்று முதலிலேயே கேளுங்கள். பதில் சொல்லாமல் இழுப்பவரை விட்டுவிடுங்கள். நான் மூன்று பேரைக் கேட்டு, மூன்றாமவரிடம் வாங்கினேன்.

ஏரி மண் என்றால் தரத்திலும் சிக்கல். முதல் நடை வந்ததும் ஒரு கைப்பிடி எடுத்து, கல்லைப் பொறுக்கிவிட்டு, ஈரமாக்கி உள்ளங்கையில் திரி மாதிரி உருட்டிப் பாருங்கள். மெல்லிசாக உடையாமல் நீண்டால் களி அதிகம். மழையில் உப்பும், கோடையில் சுருங்கிப் பிளக்கும், பேஸ்மட்டத்துக்கு ஆகாது. நல்ல கிராவல் திரி ஆவதற்குள் உதிர்ந்துவிடும், கையில் நெறுநெறுவென்று மணலும் சிறுகல்லும் உறுத்தும்.

ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) நான் டிப்பர் பக்கம். திருவக்கரைப் பக்கத்து கிரஷர்களிலிருந்து நேராக எடைச் சீட்டோடு வந்துவிடும், குவித்து வைத்தாலும் கெடுவதில்லை. எம்-சாண்டை மட்டும் கன அடியில் வாங்காமல் எடையில் வாங்குங்கள். லேசாக ஈரமான மணல் உப்பி அதிக அளவு காட்டும். எடையிலும் அந்த ஈரத்துக்குச் சேர்த்துப் பணம் போகும் என்றாலும் அது சில சதவீதம்தான்.

வீடு முடிந்து தோட்டத்துக்கு மண் வாங்குவோர் மிச்சக் கிராவலைப் பரப்பிவிடாதீர்கள், செடி பிழைக்காது. நிலம் வைத்திருந்தால் ஏரி வண்டலை வட்டாட்சியர் அனுமதியோடு இலவசமாக எடுக்கலாம். ஏக்கருக்கு நன்செய் என்றால் 75 கன மீட்டர், புன்செய் என்றால் 90 கன மீட்டர். அது பயிருக்கான மண். வீட்டு மனையை மேடாக்க அதைக் கேட்டுப் போகாதீர்கள்.